கொட்டாயில் நின்ற புல்லட்

தனசேகரன் தன் மாட்டுக் கொட்டாயில் ஒரு புல்லட்டைக் கட்டிப்போட்டிருக்கிறான் என்று ஆனி மாதக் கடைசியில் ஊருக்குள் ஒரு பேச்சு வந்தது. பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. பின்சக்கரத்துக்குள் சங்கிலியை விட்டு, காளைகளைக் கட்டியிருந்த அதே கட்டுத்தறியோடுதான் அதைப் பூட்டியிருந்தான். முன்னால் தீனித்தொட்டி காய்ந்து கிடந்தது. கீற்றின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் பகல் முழுதும் அந்தப் பெரிய டேங்க்கின் மேல் ஊர்ந்து, பொழுது சாயும்போது பின்சீட்டில் வந்து உட்கார்ந்தது.

அவர்கள் வீடு கச்சிராயபாளையத்துக்கும் கோமுகி அணைக்கும் நடுவில், வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. வாசலில் நின்றால் கரும்புக்கு மேலே கல்வராயன் மலை தெரியும். காலையில் நீலமாக, மத்தியானத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுபோல, மழைக்கு முன்னால் கை நீட்டினால் தொடலாம்போல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தனசேகரனின் மனைவி ராணியம்மாள் அந்த மலையைப் பார்த்துத்தான் வாசல் தெளித்தாள். ஏறிப் பார்த்ததில்லை. மாட்டை விட்டுவிட்டு எங்கே போவது?

இப்போது மாடு இல்லை. கிழட்டுப் பசு பங்குனியில் செத்துப்போயிற்று. உழவுக்கு டிராக்டரே வந்துவிட்டதால் வைகாசியில் காளைகளையும் விற்றார்கள். ஒரே பெண் செவ்வந்தியைச் சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. காளை விற்ற பணத்தில் ஒன்று வாங்கலாம்; இரண்டு வாங்க முடியாது. ராணியம்மாள் கறவைப் பசு என்றாள். தனசேகரன் மலையைப் பார்த்தான். மரவள்ளிக் குச்சி வாங்குகிறேன் என்று பஸ் ஏறி மலைக்குப் போனவன், குச்சிக்கட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்த வண்டியில் இறங்கி வந்தான்.

வாங்கி வரவில்லை, பழக்கத்துக்கு ஓட்டி வந்திருந்தான். அந்தப் பக்கத்தில் நல்ல காளையை யாரும் சந்தையில் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடமாட்டார்கள். ஓட்டிக்கொண்டு வந்து சில நாள் தன் கொட்டாயில் கட்டுவார்கள். தீனி தின்கிறதா, முட்டுகிறதா, ஏரில் படுத்துக்கொள்கிறதா, வீட்டுப் பிள்ளைகள் கிட்டே போனால் சும்மா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு முடியும். பிடிக்காவிட்டால் திருப்பி ஓட்டிக்கொண்டுபோய் விடலாம். அதில் மனஸ்தாபம் கிடையாது. அந்த வழக்கத்தைத் தனசேகரன் வண்டிக்கும் கேட்டான். வண்டிக்காரர் பொன்னுரங்கம் சிரித்துவிட்டு, "ஆடி அமாவாசை வரைக்கும் வெச்சிப் பாருய்யா" என்று சாவியைக் கொடுத்தனுப்பினார்.

காலையில் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு வருவாள். ராணியம்மாளுக்குத் தங்கை முறை. தனசேகரனை வம்புக்கு இழுக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது.

"இன்னா மாமா, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டினன், காட்டினன். கிட்ட வராத. புது ஆளுன்னா மொறைக்கும்."

"பல்லப் புடிச்சிப் பாத்தியா? வயசு ஜாஸ்தியா இருக்கும்போல இருக்குதே."

"ஒன்ன வுட கம்மிதான்."

"உதைக்குதா?"

தனசேகரன் வேட்டியை விலக்கிக் கெண்டைக்காலைக் காட்டினான். ஸ்டார்ட் செய்யும்போது கிக்கர் எகிறி அடித்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"தெனம் உதைக்குது."

"அப்ப சுரணையுள்ள மாடுதான்! யக்கா, இத வுடாத. சாயங்காலம் சொம்பெடுத்துக்கினு வரன், கறந்து வையி."

ராணியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. கேழ்வரகு மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிண்டலில் இருந்த 'கறந்து வை' என்ற சொல் மட்டும் அவளுக்குள் போய் விழுந்தது. கொளஞ்சியம்மாள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு தம்ளர், மருந்து சாப்பிடுகிற யாராவது கேட்டால் அரைத் தம்ளர், வெள்ளிக்கிழமை ஏரிக்கரை அம்மனுக்கு ஒரு சொம்பு. அவள் கையில் காசு புழங்கியதில்லை. கொடுப்பதற்கு என்று அவளிடம் இருந்தது பால்தான். அது நின்றதிலிருந்து தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

தனசேகரனிடம் ஏற்கெனவே ஒரு எக்ஸெல் வண்டி இருந்தது. உர மூட்டை, புல்லுக்கட்டு, கரும்புச் சோகை எல்லாம் அதில்தான். அது வேலை வண்டி. வயலையும் உரக்கடையையும் தவிர வேறு வழி அதற்குத் தெரியாது. அவனுக்கோ ஏர் ஓட்டிய காலத்திலேயே, சால் முடிந்து திரும்புகிற இடத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிடுகிற பழக்கம். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் ஊர்ப் பெயர்தான் சொன்னார்கள். அவன் கேட்டது அது இல்லை. என்ன கேட்டான் என்று அவனுக்கும் சொல்லத் தெரியாது.

ஆடி முதல் வெள்ளி வந்தது. ஏரிக்கரையில் கூழ் ஊற்றினார்கள். ராணியம்மாள் கடையில் வாங்கிய பாக்கெட்டுப் பாலைச் சொம்பில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். பூசாரி வீரமுத்து சொம்பை வாங்கும்போதே கண்டுகொண்டார்.

"பாக்கெட்டுப் பாலாக்கா? பரவால்ல, குடு. அம்மனுக்குத் தெரியவா போவுது."

"எனக்குத் தெரியுதே சாமி."

"நீ அம்மன் தலையில ஊத்தறதப் பாக்காத. மனசப் பாரு."

மனசைப் பார்த்துக்கொண்டே அவள் வீட்டுக்கு வந்தாள். தனசேகரன் கொட்டாயில் உட்கார்ந்து வண்டியின் ஸ்போக் கம்பிகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பசு வேணுங்க," என்றாள். "இத உட்டுட்டு வந்துடுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். துணியை உதறி மடித்தான். "சரி," என்றான்.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மறுபடி குனிந்து, திருப்பிக் கொடுக்கப் போகிற வண்டியின் மிச்சக் கம்பிகளையும் துடைத்து முடித்தான். காளைகளை விற்ற அன்று காலையிலும் அவன் அப்படித்தான் அவற்றைக் குளிப்பாட்டினான் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

கஞ்சி குடிக்கும்போது அவன் சொன்னான்: "நீயும் வா ராணி. வாணாம்னு சொல்ல எனக்கு வாயி வராது. வூட்டுப் பொம்பள வந்து சொன்னா அவுருக்கும் வருத்தம் இருக்காது."

"வரன். வெறுங்கையோடவா போறது? மல்லாட்டை வேவ வெச்சி எடுத்துக்கினு வரன்."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டார்கள். வேகவைத்த வேர்க்கடலை ஒரு பையில் சூடாக இருந்தது. ராணியம்மாள் வண்டியின் பக்கத்தில் வந்து, ஏறத் தெரியாமல் நின்றாள். எக்ஸெல் வாங்கிய புதிதிலேயே, சுமை கட்ட வசதியாக இருக்கும் என்று அதன் பின்சீட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தார்கள். கழற்றச் சொன்னவளே அவள்தான். அதனால் இத்தனை வருஷத்தில் அவள் புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. டவுன் பஸ்ஸில் போவாள், அல்லது நடப்பாள். இருவரும் ஒரே இடத்துக்குப் போனாலும் தனித்தனியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதை இருவருமே ஒரு குறையாக நினைத்ததில்லை.

"இப்டி காலு வையி. பொகைக்குழாயில பட்டுடப் போவுது. குந்திக்கினியா?"

"குந்திக்கினன். கம்பியப் புடிச்சிக்கினு இருக்கறன். மெதுவா போங்க."

படலருகில் கொளஞ்சியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "மாட்டு மேல ஏறிக்கினு மாட்டத் திருப்பி உடப் போறவங்கள இன்னிக்கித்தான் பாக்கறன்!"

வண்டி நிதானமாகத் துடித்தது. எக்ஸெல்லின் இரைச்சல் இல்லை. பெரிய உரலில் யாரோ தூரத்தில் நெல் குத்துவதுபோல ஒரு சத்தம். அணைக்கட்டின் கரை போயிற்று. கரும்பு போயிற்று. அடிவாரத்துப் புளியமரங்கள் வந்தன. பிறகு ரோடு ஒருமுறை வளைந்து, அவர்களைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டது.

ராணியம்மாள் புருஷனின் பிடரியைப் பார்த்தாள். அங்கே முடி இவ்வளவு நரைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. சட்டைக் காலரில் தையல் விட்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிய ஆள், பின்னாலிருந்து வேறு யாரோபோல இருந்தான். ஒல்லியாக, கொஞ்சம் பயந்தவன்போல. வளைவில் வண்டி சாய்ந்தபோது அவள் கம்பியை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலரு கிழிஞ்சிருக்குதே, சொல்லக் கூடாதா?"

"எனக்குப் பின்னால கண்ணா இருக்குது?"

வளைவுக்கு வளைவு காற்று மாறியது. சூடு கழிந்தது. ஈரமண்ணும் மூங்கிலும் கலந்த வாடை வந்தது. ஒரு திருப்பத்தில் மேகம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது, ஆட்டு மந்தை கடப்பதைப்போல, அவசரமில்லாமல். தனசேகரன் வண்டியை நிறுத்தினான்.

"மூச்சு வாங்குது. கொஞ்சம் ஆறட்டும்."

"வண்டிக்கா, ஒங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்னு வெச்சிக்கயேன்."

அவள் இறங்கிக் கைப்பிடிச் சுவரருகே போனாள். மேகம் விலகிய இடத்தில் கீழே சமவெளி கிடந்தது. அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர்போல இருந்தது. கரும்பும் மரவள்ளியும் காயப்போட்ட பச்சைத் துணிகளாகக் கிடந்தன. அவள் வெகுநேரம் கண்ணைச் சுருக்கித் தேடினாள்.

"நம்ம கொட்டா எங்கன்னு தெரியலயே."

"வாய்க்காலப் புடிச்சிக்கினே வா. தோ, அந்தத் தென்னைக்கு அந்தாண்ட."

"தென்னையே தெரியலங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையும் மாலையும் அவளை ஓடவைத்த அந்தக் கொட்டாய், அவள் இல்லாவிட்டால் இடிந்து விழும் என்று நினைத்திருந்த கொட்டாய், இங்கிருந்து ஒரு புள்ளியாகக்கூட இல்லை. ஆனால் சிரிப்பு நின்றதும் அம்மனின் பால்சொம்பு நினைவுக்கு வந்தது. கைக்கு வேலையில்லாமல் போனால் தான் யார் என்ற கேள்வி பனிபோல வந்து முகத்தில் பட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

பொன்னுரங்கத்தின் வீடு வெள்ளிமலை தாண்டி, சாமை விதைத்த ஒரு சரிவின் ஓரத்தில் இருந்தது. அவர் மலைப்பள்ளிக்கூடத்து விடுதியில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். லீவு விட்டதும் மனைவி சாலம்மாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவர் போகாத கோயில் இல்லை. கன்னியாகுமரிவரை இந்த வண்டியில் போயிருக்கிறார். இரண்டு பக்கமும் தொங்கிய தோல்பைகளில் ஒன்றில் துணியும் மற்றதில் அடுப்பும் பாத்திரமும் இருக்குமாம். போன தையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் வேப்பமரத்தடிக் கட்டிலில் இருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையை ஆட்டினார். வரவேற்கிறார் என்று நினைத்துத் தனசேகரன் ஆரனை அடித்தான். அவர் ஆட்டியது வண்டியை அணைக்கச் சொல்லி. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்துவிட்டது.

"வந்துடிச்சா! கள்ளக்குறிச்சியில சர்வீசு பண்ண இத்தினி நாளா? இன்னா பண்ணிக்கினு இருந்தானுங்க?"

சாலம்மாள் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் மங்கிப்போனவள். காதை மறைத்துத் துண்டு கட்டியிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. சத்தம் கேட்ட உடனே அவ்வளவும் தயார். நேராக வந்து டேங்க்கில் கை வைத்தாள். அங்கிருந்து தடவிச் சீட்டுக்கு வந்தபோது, இறங்காமல் உட்கார்ந்திருந்த ராணியம்மாளின் முழங்கால் கையில் பட்டது.

"இது யாரு?"

பொன்னுரங்கம் ராணியம்மாளைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. சர்வீஸ் கடைக்காரர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராணியம்மாளுக்குப் பொய் சொல்லப் பயமில்லை. ஆனால் கண் தெரியாதவளிடம் சொல்வதற்கு நாக்கு வரவில்லை.

"நாங்க கீழ, கச்சிராபாளையம், பெரிம்மா. வண்டி எங்க கொட்டாயிலதான் நின்னிச்சி. பழக்கத்துக்கு ஓட்டியாந்தாங்க இவுரு."

சாலம்மாள் கையை எடுக்கவில்லை. காற்று வேப்பமரத்தை ஒருமுறை புரட்டிவிட்டுப் போயிற்று.

"பழக்கத்துக்கா," என்றாள் கடைசியில், கட்டில் இருந்த திசையில். "என்னையும் யாராவது பழக்கத்துக்கு ஓட்டிக்கினு போயிருந்தா நல்லா இருந்திருக்கும். சேந்தாப்புல போயிருக்கலாம்."

"சாலா, ஓட்ட ஆளில்லாம நின்னா துருப் புடிச்சிடும். அதான். ஒங்கிட்ட சொல்ல மனசு வரல."

"விக்க மட்டும் மனசு வந்திச்சா?"

"ஒனக்குக் கண்ணு தெரியாது, எனக்கு இடுப்பு இல்ல. நாம எங்க போறது?"

"கண்ணு தெரியலன்னா இன்னா? காத்து தெரியுது இல்ல?" அவள் சீட்டின் விளிம்பை விரலால் அழுத்தினாள். "பின்னால குந்திக்கினா எந்த ஊருன்னு காத்தே சொல்லும். மலையெறங்கினா கரும்பாலை வாசனை. சமுத்திரத்துக்கிட்ட போனா ஒதட்டுல உப்பு. இத்தினி வருசம் நான் கண்ண மூடிக்கினுதான் வந்தன், ஒங்களுக்கு அது தெரியாது." பிறகு ராணியம்மாளிடம் திரும்பினாள். "நீ எறங்காத கண்ணு. நல்லா வெச்சிக்க. இவுரு எங்கிட்ட சொல்லிட்டுக் குடுத்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டன்."

ராணியம்மாள் வேண்டாம் என்று சொல்ல வந்தவள். அவள் வாயைத் திறப்பதற்குள் பொன்னுரங்கம், "நீங்க எடுத்துக்கினா எனக்கு நிம்மதி," என்றார். "சேலத்துக்காரன் ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கறான். சீட்ட எல்லாம் வெட்டி வேற மாதிரி மாத்துவானாம். ஒத்த ஆளு குந்தற மாதிரி."

ஸ்டாண்டு போட்டு இறங்கிய தனசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேச வேண்டியது அவள்.

வேண்டாம் என்றால் வண்டி சேலத்துக்குப் போகும். வேண்டும் என்றால் பசு இல்லை. ராணியம்மாள் மல்லாட்டைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அம்மா தாயே என்று மனசுக்குள் கூப்பிட்டாள். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. புகுந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷத்தில் பசு வாங்க வக்கில்லாமல், நைனார்பாளையத்தில் பெரியப்பா வீட்டுப் பசுவை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, பிடித்து வந்தது மட்டும் தோன்றியது. பசு அவருடையதாகவே இருக்கும். வளர்ப்பு இவள் பொறுப்பு. ஈனுகிற கன்றில் இருவருக்கும் பாதிப் பாதி.

"பெரியவரே," என்றாள். "நாங்க வாங்கல. வித்துடவும் வாணாம். வாரத்துக்கு உடுவீங்களா?"

தனசேகரன் தலையைத் தூக்கினான். "இன்னா பேசற நீ? மாடா இது?"

"நீங்கதான கட்டுத்தறியில கட்டினீங்க?"

பொன்னுரங்கம் கட்டிலிலேயே குலுங்கிச் சிரித்தார். இடுப்பு வலித்ததும் நிறுத்தினார். "ஏம்மா, வாரத்துக்கு உட்டா கன்னுல பங்கு வரும். இது இன்னா போடும்?"

"வண்டி ஒங்களுதாவே இருக்கட்டும். எண்ணெ ஊத்தி, தொடச்சி, ஓட்டி வெச்சிக்கறது எங்க வேல. ஓடற ஓட்டத்துல பங்கு. மாசத்துல ஒரு நாளு இவுரு மேல வந்து பெரிம்மாவ இட்டுக்கினு போவாரு."

"ஒரு நாளா?" என்றாள் சாலம்மாள். குரல் மாறியிருந்தது, சந்தையில் நிற்பவளின் குரல். "வாரம்னா சரிபாதி கண்ணு. எங்க ஊருலயும் மாடு உண்டு."

"சரிபாதின்னா எங்கூட்டுக் கரும்புக்கு யாரு தண்ணி கட்டறது, பெரிம்மா?"

"அதுக்கு நான் இன்னா பண்றது? வாரம் கேட்டது நீ."

"ரெண்டு நாளு."

"ரெண்டு நாளு. அதோட ஆடிப் பதினெட்டு."

"எடுத்துக்கங்க."

ஆண்கள் இருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தனசேகரன் மனைவியை ஒரு புது ஊரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அப்ப பசு?" என்றான் மெதுவாக.

"காளை வித்த பணம் அப்டியேதான இருக்குது? பசுவும் வாங்கலாம்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "காலையில கறந்துட்டுப் பொறப்பட்டா, சாயங்காலம் கறக்கறதுக்குள்ள எவ்ளோ தூரம் போவ முடியுமோ, அவ்ளோ தூரம் நாமளும் போவலாம். ஒரு நாளு ரெண்டு நாளு ஆச்சின்னா கொளஞ்சி கறப்பா. பால் குடிக்கறா இல்ல?"

சொல்லிவிட்டு இறங்கினாள். சீட்டு சூடாக இருந்தது. சாலம்மாளின் கையைப் பிடித்து, காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லப் போனாள். சொல்லத் தேவையிருக்கவில்லை. கிழவி ஒரே எட்டில் ஏறி, மஞ்சள் பையை மடியில் வைத்து, துண்டை இறுக்கிக்கொண்டாள்.

"மெதுவா போறன் பெரிம்மா," என்றான் தனசேகரன்.

"மெதுவா போனா காத்து எப்டிய்யா வரும்? போ."

வண்டி இம்முறை உதைக்காமல் பிடித்தது. சாமைக் கொல்லையைச் சுற்றி, கடுக்காய் மரங்களுக்குள் புகுந்து, சத்தமாக மட்டும் ஆயிற்று. பிறகு அதுவும் மேகத்துக்குள் போயிற்று. ராணியம்மாள் கட்டில் காலருகே உட்கார்ந்து மல்லாட்டையை உரித்துப் பெரியவரின் கையில் போட்டாள். அவர் தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒரு பொய்யி சொல்லியிருந்தா அவ நம்பியிருப்பா," என்றார்.

"நம்பியிருப்பாங்க. அதான் சொல்லல."

அவர் ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்காதவள்போல அடுத்த காயை உடைத்தாள்.

தூரத்தில் மறுபடி உரல் குத்தும் சத்தம் கேட்டது. நெருங்கியது. வண்டி நிற்கும் என்று ராணியம்மாள் எழுந்தாள். நிற்கவில்லை. தனசேகரன் செய்வதறியாமல் தலையை ஆட்டிக்கொண்டே கடந்தான், "இன்னொரு சுத்து!" என்று பின்னால் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துச் சிரித்தபடி, சாலம்மாள் வீட்டுக்காரரை நோக்கிக் கையசைத்தாள். ஆனால் வீடு இருந்தது இந்தப் பக்கம். அவள் அசைத்தது எதிர்ப்பக்கத்தில், ஆள் யாரும் இல்லாத சாமைக் கொல்லையை நோக்கி.

வண்டி மரங்களுக்குள் மறைந்தது. ராணியம்மாள் கையிலிருந்த தோலை உதறினாள். ரோட்டைக் கடந்து கொல்லையின் ஓரத்துக்குப் போய், அடுத்த சுற்றுக்கு வண்டி வருகிற நேரம், பதிலுக்குக் கையை உயர்த்திக்கொண்டு அங்கே நின்றாள்.